மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள்

பணி ஓய்வு பெற்றவர்கள் கோழி வளர்க்க ஆரம்பித்தால் இரண்டே மாதத்தில் ஊருக்கெல்லாம் யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் ஒன்பது வருஷம் பொறுத்திருந்துவிட்டு இப்போது சொல்ல வருகிறேன். அதுவும் நன்றாக வளர்த்தவன் என்ற தகுதியில் இல்லை. ஒரே பகலில் 11 கோழிகளைச் சாகவிட்டவன் என்ற தகுதியில்.

"பழைய சாமான்களை வைத்தே கோழிக்கூடு, நயாபைசா செலவில்லை" என்று இப்போது திரும்பின பக்கமெல்லாம் வீடியோ. பழைய பீரோவில் கூடு, பெயின்ட் டப்பாவில் தண்ணீர், எண்ணெய் டின்னில் தீவனம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பழைய சாமானை வீணாக்காமல் பயன்படுத்துவதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நான் பார்த்த வீடியோக்கள் எல்லாமே காலை வெயிலில் எடுத்தவை. மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தக் கூட்டுக்குள் எப்படி இருக்கும் என்று ஒருவரும் காட்டி நான் பார்க்கவில்லை.

நாங்கள் இருப்பது கரூருக்குத் தெற்கே, ஊரை விட்டுத் தள்ளி, ஐந்து சென்ட் இடத்தில். கோடையில் வானிலைச் செய்தி கேட்பவர்களுக்குக் கரூர் பரமத்தி என்ற பெயர் பழக்கமாகியிருக்கும். அந்த வெயில்தான் எங்களுக்கும். நான் 33 வருஷம் பஸ் டெப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். ஒரு சாமான் தேய்ந்துவிட்டால் அதைப் பேரேட்டில் "கண்டம்" என்று எழுதி ஓரம் கட்ட வேண்டியது என் வேலை. எத்தனை டயர், எத்தனை தகடு, எத்தனை சீட்டுக் கம்பி! எழுதும்போதெல்லாம் மனசுக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. ஓய்வு பெற்றதும் அந்த உறுத்தலைத் தீர்த்துக்கொள்ளக் கோழி கிடைத்தது.

கரூரில் இதற்குச் சாமான் கிடைப்பது சுலபம். பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் ஊரைச் சுற்றி நிறைய. கொசுவலைத் தொழிலும் இங்கே பெரிய தொழில் என்பதால் வெட்டுத் துண்டு வலை மலிவாகக் கிடைக்கும். பழைய இரும்புக் கடையில் ஒரு பஸ்ஸின் பக்கத் தகடுகளையும் இரண்டு ஜன்னல்களையும் எடைக்கு வாங்கி வந்தேன். ஆறடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரத்தில் ஒரு கூடு செய்தேன். தகட்டில் பாதி அழிந்த ஊர்ப் பெயர் எழுத்துகூட இருந்தது. கண்ணாடியை ஏற்றி இறக்கலாம். வருகிறவர்களுக்கெல்லாம் ஏற்றி இறக்கிக் காட்டினேன். கண்டம் ஆன வண்டிக்கு மறு பிறவி கொடுத்துவிட்டேன் என்று ஒரே பெருமை.

அதுவரை என் மனைவியின் கோழிகளுக்குக் கூடு என்றே ஒன்று இல்லை. குஞ்சுகளுக்கு மூங்கில் கொடாப்பு (தெற்கத்திக்காரர்கள் பஞ்சாரம் என்பார்கள்). பெரிய கோழிகளுக்கு வேப்ப மரம். அவ்வளவுதான்.

அந்த வருஷம் வைகாசியில் தாராபுரத்தில் என் அக்கா பேத்திக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம்தான் ஒரு கீரி வந்து குஞ்சு ஒன்றைக் கவ்விக்கொண்டு போயிருந்தது. அதனால் கோழிகளைக் கூட்டிலேயே விட்டுப் பூட்டிவிட்டுப் போகலாம் என்றேன்.

"வேண்டாமுங்க. வேம்படியிலயே கெடக்கட்டும்" என்றாள் இவள்.

"கீரிக்குக் குடுக்கறதுக்கா வளக்கறோம்? நாலு மணிக்கு வந்தறலாம் வா" என்று சொல்லிக் கதவைப் பூட்டினேன். கண்ணாடிகளையும் பாதிக்கு மேல் இறக்கிவிட்டேன், கீரி நுழைந்துவிடக் கூடாது என்று.

நாலரைக்குத் திரும்பி வந்து திறந்தபோது முகத்தில் அடித்த சூடு இன்னும் ஞாபகம் இருக்கிறது. 17 கோழிகளில் 11 செத்துக் கிடந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, கதவோரமாக. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து காய்ந்திருந்தது. மீதி ஆறும் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்துக் கிடந்தன. இவள் பட்டுப் புடவையோடு அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கித் தொட்டித் தண்ணீரில் கால்களை நனைத்து, நிழலில் விட்டாள். அந்த ஆறும் பிழைத்தன.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "மம்மட்டி எடுத்துட்டு வாங்க" என்றாள். குழி பாதி ஆழம் போனபிறகுதான் கேட்டாள்: "ஏனுங்க, மத்தியானத்துல நிக்கிற பஸ்ஸுக்குள்ள யாராச்சும் உக்காந்திருப்பாங்களா?"

33 வருஷம் டெப்போவில் இருந்தவனுக்கு இது தெரியாதா? மத்தியானம் நிறுத்தி வைத்த வண்டிக்குள் ஏறிக் கம்பியைப் பிடித்தால் கை பொத்துப் போகும். எங்கள் டிரைவர்கள் தூங்க வேண்டுமென்றால் வண்டிக்கு அடியில் படுப்பார்களே தவிர உள்ளே படுக்க மாட்டார்கள். அத்தனையும் தெரியும். ஆனால் தகடு கூட்டுக்குக் கூரை ஆனதும் அது பஸ் என்பதையே மறந்துவிட்டேன்.

அன்றைக்கு முட்டை ஒன்று 10 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. முட்டைக் காசில்தான் இவள் பேத்தியின் கொலுசுக்காக நகைச் சீட்டு கட்டி வந்தாள். அடுத்த மாதம் சீட்டு நின்றது. நான் கட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

அதற்கப்புறம்தான் நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். கோழிக்கு வேர்க்காது. வேர்வைச் சுரப்பியே கிடையாது. அதன் உடம்புச் சூடே 41, 42 டிகிரி செல்சியஸ். வெளியே காற்றும் 40 டிகிரிக்கு வந்துவிட்டால் உடம்புச் சூடு போவதற்கு இடமே இல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்து, அந்த ஈரம் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சி ஒன்றுதான் கதி. மூடின கூட்டில் பல கோழிகள் மூச்சிரைத்தால் உள்ளே இருக்கும் காற்றே ஈரமாகிவிடும், அப்புறம் அந்த வழியும் அடைபடும். ஆக நான் பூட்டினது கதவை மட்டுமில்லை. (மே மாதம் முட்டை ஓடு மெலிசாவதும் இந்த மூச்சிரைப்பால்தான். கிளிஞ்சல் எவ்வளவு போட்டாலும் முழுசாகச் சரியாகாது.)

எந்தப் பழைய சாமானில் கூடு செய்தாலும், மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு அதற்குள் கையை விட்டுப் பாருங்கள். நூறு எண்ணும் வரை வைத்திருங்கள். முடியவில்லை என்றால் அது கூடு இல்லை, அடுப்பு. இந்தச் சோதனையில் தேறாத எதையும் "இயற்கை முறை", "மறுசுழற்சி" என்றெல்லாம் சொல்லி அடுத்தவருக்குக் காட்டக் கூடாது என்பது என் கட்சி.

பஸ் கூட்டை நான் உடைக்கவில்லை. கண்ணாடி இருந்த இடத்திலும் இரண்டு பக்கத் தகட்டை எடுத்த இடத்திலும் கோழி வலை அடித்து, அதன்மேல் கொசுவலைத் துண்டும் கட்டினேன். கோழி அம்மையைக் கொசு பரப்பும் என்பதால் அந்த வலைக்கு இரட்டை உபயோகம். நாலு கல் வைத்துத் தரையிலிருந்து இரண்டடி தூக்கினேன். தகட்டுக் கூரைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுத் தென்னந்தடுக்கு வேய்ந்தேன். அந்த ஒரு சாண் இடைவெளியில் காற்று ஓடுவதால் தகடு காய்வதில்லை. இப்போது இரவில் உள்ளே தூங்குகின்றன, பகலில் அதன் அடியில் படுக்கின்றன. எங்கள் டிரைவர்கள் மாதிரியேதான்.

தண்ணீர்தான் கோடையில் பாதி வைத்தியம். கல்யாண மண்டபத்தில் கேட்டால் காலித் தயிர் வாளி தருவார்கள், மூடியோடு. வாளியின் விளிம்புக்குக் கீழே கால் அங்குலத்தில் ஓர் ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, இறுக மூடி, ஒரு தட்டில் கவிழ்த்து வைத்தால் போதும். ஓட்டை தட்டின் விளிம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், அது முக்கியம். கோழி குடிக்கக் குடிக்கத் தானாக இறங்கும், கவிழாது. ஆனால் வாளித் தண்ணீர் வெயிலில் சுடும். அதனால் மத்தியானத்துக்கு வாய் உடைந்த மண்பானையின் அடிப்பாதியை ஈர மணலில் பாதி புதைத்து வைக்கிறோம். இரண்டையும் வைத்துப் பார்த்தால் கோழிகள் எதைத் தேடிப் போகின்றன என்று நீங்களே பார்க்கலாம்.

மேற்கே ஒரு கம்பியில் பழைய அரிசிச் சாக்குகளை நனைத்துத் தொங்கவிடுகிறோம். எங்கள் பக்கம் வறண்ட வெயில், அதனால் இது நன்றாக வேலை செய்கிறது. கடலோரத்தில் காற்றே ஈரமாக இருக்கும் ஊர்களில் இவ்வளவு பலன் இருக்காது. மூடின கூட்டுக்குள் தொங்கவிட்டாலோ கெடுதல்தான். பழைய பஸ் டயரில் மணலும் அடுப்புச் சாம்பலும் போட்டு வேம்படியில் வைத்தால் அதில் புரண்டு குளித்துக்கொள்ளும், பேனும் குறையும். தீவனம் விடியற்காலையிலும் ஐந்து மணிக்கு மேலும்தான். செரிக்கும்போது உடம்பு சூடாகும் என்பதால் உச்சி வெயிலில் கம்பு, நொய் எதுவும் கிடையாது. தர்ப்பூசணித் தோல் மட்டும் போடுவோம்.

இன்னொரு விஷயம். ஸ்டோரில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சீட்டு இருக்கும், எங்கிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது என்று. பழைய சாமான் எடுக்கிற யாரும் அந்தச் சீட்டைக் கேட்பதில்லை. ஒரு தடவை தோட்டத்துக்காரர் ஒருவர் கொடுத்த 20 லிட்டர் கேனைக் கழுவித் தண்ணீர்த் தொட்டியாக்கப் பார்த்தேன். இவள் மோந்து பார்த்துவிட்டுத் தூக்கி ஓரம் வைத்தாள். பூச்சி மருந்துக் கேன். எத்தனை தடவை கழுவினாலும் அது ஆகாது. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை அறுத்துக் கூடு கட்டுகிறவர்களையும் பார்க்கிறேன். அந்தத் தூசி கோழிக்கு வருவதற்கு முன்னால் அறுக்கிறவர் நுரையீரலுக்கு வரும். கண்டம் ஆனதிலும் சிலது உண்மையிலேயே கண்டம்தான்.

வெள்ளைக்கழிச்சலுக்கு மட்டும் தயவுசெய்து வீட்டுத் தயாரிப்பை நம்பி உட்காராதீர்கள். மஞ்சளும் பூண்டும் கொடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அது கிருமி நோய், வந்தபிறகு மருந்து கிடையாது. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டும், எட்டு வாரத்தில் இறக்கையில் போடும் ஊசியும்தான் காப்பாற்றும். எங்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சனிக்கிழமைகளில் போடுகிறார்கள். வெயில் ஏறுமுன் கூடையில் எடுத்துக்கொண்டு போய்விடுவோம்.

பெங்களூரில் இருக்கும் பையன் ஒவ்வொரு கோடைக்கும் ஃபேன் போடுங்கள் என்கிறான். "இந்த வயசுல எதுக்குப்பா சாக்கு நனைச்சிட்டு இருக்கீங்க" என்று கோபம் வேறு. அவன் அக்கறை புரிகிறது. ஆனால் 40 டிகிரிக் காற்றை ஃபேன் கோழிமேல் தள்ளினால் அதே 40 டிகிரிக் காற்றுதான் போய்ச் சேரும். பக்கத்தில் ஈரம் இருந்தால்தான் ஃபேனுக்கே வேலை. அந்த ஈரத்துக்கு ஆள் வேண்டும்.

செலவில்லை என்கிறவர்கள் மறைக்கிற கணக்கு அதுதான். என் நோட்டில் சாமானுக்கு ஆன செலவு முழுக்க எழுதியிருக்கிறேன், மொத்தம் 3,000 ரூபாய்க்குள். ஆனால் பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை சாக்கை நாலு தடவை நனைப்பது, பானைத் தண்ணீரை இரண்டு தடவை மாற்றுவது, எந்தக் கோழி இறக்கையை விரிக்கிறது என்று பார்ப்பது, இதற்கெல்லாம் நோட்டில் பத்தியே இல்லை. பெரும்பாலும் அதைச் செய்தது இவள். சித்திரையும் வைகாசியும் முகூர்த்த மாதங்கள். அந்த இரண்டு மாதத்தில் நாங்கள் ஜோடியாக ஒரு கல்யாணத்துக்குப் போய் வருஷங்களாகின்றன. சொந்தக்காரர்கள், "ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்றுகூடக் கேட்டுவிட்டார்கள்.

போன வாரம் காங்கேயத்தில் ஒரு கல்யாணம். இவள் வழிச் சொந்தம் என்பதால் இவள் போனாள், நான் காவல். தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில் போன் அடித்தது. மணி பார்த்தேன், இரண்டு அடிக்கப் பத்து நிமிஷம். பின்னால் நாதஸ்வரச் சத்தம் கேட்டது.

"சாக்கு நனைச்சாச்சுங்களா?"

"ஆச்சு" என்று சொல்லிவிட்டு, சாக்கை நனைக்கப் போனேன்.