பட்டினி அகிம்சையும் பிரியாணி அண்டாவும்

'எதுவானாலும் அகிம்சை வழியில போராடுங்கப்பா' என்று நமக்குப் புத்தி சொல்ல எப்பவும் ஒருத்தர் வந்துவிடுகிறார். வெட்டினவனிடம் இதைச் சொல்வதில்லை. வெட்டுப்பட்டவனைத் தேடிவந்து சொல்கிறார். அதுகூடப் போகட்டும். எது அகிம்சை என்பதையும் அவரே தீர்மானிப்பார் என்றால் அதை ஒத்துக்கொள்ள முடியாது.

அவர்கள் கொண்டாடுகிற அகிம்சை பட்டினி கிடப்பது. 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தி பட்டினி கிடந்தார். யாருக்கு எதிராக? தீண்டப்படாதவர்களுக்குக் கிடைத்த தனி வாக்காளர் தொகுதிக்கு எதிராக. அவர் செத்தால் சேரிகளின் கதி என்ன என்ற கேள்வியைத் தலையில் சுமந்துகொண்டுதான் 24ஆம் தேதி அம்பேத்கர் கையெழுத்துப் போட்டார். ரத்தம் சிந்தவில்லை, வாஸ்தவம். கழுத்தில் வைத்தது மட்டும் கத்திதான்.

நம் போராட்டம் வேற ஜாதி. (ரகம் என்று படிக்கவும்.) நாம் தின்று, குடித்துப் போராடியவர்கள். மகத் நகராட்சி சவுதார் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டதாக 1924லேயே தீர்மானம் போட்டிருந்தது. காகிதத்தில் இருந்த அந்தத் தண்ணீரை 1927 மார்ச் 20இல் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானோரும் போய் அள்ளிக் குடித்தார்கள். அவ்வளவுதான். கோயிலுக்குள்ள வரப்போறானுங்க என்று புரளி கிளப்பி, சோறு தின்றுகொண்டிருந்தவர்களைப் புகுந்து அடித்தார்கள். திருப்பியடிக்க ஆள் இருந்தது, அம்பேத்கர் தடுத்தார். அப்புறம் மாட்டுச் சாணியும் மூத்திரமும் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். சாணி சுத்தம், நம் கை அசுத்தம்!

ஆம்பூருக்கு வருவோம். மாட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, மயிர் எடுத்து, சவ்வு சீவிப் பிழைக்கிற ஊர். தோலுக்கு டாலர் வருகிறது. ஷூ கப்பலேறிப் போகிறது. தோல் ஆகும், கறி ஆகாதா? 2022 மே 13 முதல் மூன்று நாள் பிரியாணித் திருவிழா என்று திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. கோழி உண்டு, ஆடு உண்டு. தலித்துகளும் முஸ்லிம்களும் காலங்காலமாய்த் தின்கிற பீஃப் பிரியாணி மட்டும் பட்டியலில் இல்லை. சர்க்கார் பந்தியில் நம் இலையை எடுத்துவிட்டார்கள்.

நம்மாட்கள் கல்லெறியவில்லை, பஸ்ஸைக் கொளுத்தவில்லை. விடுதலைச் சிறுத்தைகளும் இஸ்லாமிய அமைப்புகளும் சொன்னது ஒன்றுதான்: நீங்க உள்ள போடாட்டி, நாங்க பீஃப் பிரியாணியை இலவசமாவே போடுறோம். எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் இதைப் பாகுபாடாக ஏன் கருதக்கூடாது என்று கலெக்டரிடம் விளக்கம் கேட்டது. ஒரு அண்டா சோறுதான். அதற்கே நிர்வாகம் ஆடிப்போனது.

'போயும் போயும் சோத்துக்கா போராட்டம்?' என்று கேட்கிறவர்கள், அன்றைக்கு மகதில் இருந்திருந்தால் 'போயும் போயும் தண்ணிக்கா?' என்று கேட்டிருப்பார்கள். சத்தியாக்கிரகம் என்றால் உப்பு காய்ச்சலாம், நூல் நூற்கலாம்; மாட்டுக்கறி வேகவைத்தால் மட்டும் அது கலகம், சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

கடைசியில் மழை வருது என்று சொல்லித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். நமக்கும் ஒரு இலை போடுவதைவிடப் பந்தியையே சுருட்டுவது அவர்களுக்கு லேசாக இருந்திருக்கிறது. இனி எந்த ஊரில் எந்த கலெக்டர் பிரியாணித் திருவிழா நடத்தினாலும் நாம் போய்க் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மாட்டு அண்டா உள்ளேயா, வெளியேயா?