விற்பனைக்கு வந்த கவசம்

கணனி விளையாட்டுக்களைப் பற்றித் தமிழ்ச் சங்கமொன்றின் ஆண்டு மலரில் எழுதத்தான் வேண்டுமா எனச் சிலர் வினவக்கூடும். நாவலும் திரைப்படமும் தத்தம் தொடக்க காலத்தில் இதே வினாவுக்கு முகங்கொடுத்தவையே. மக்கள் பெருந்தொகையாகத் தம் ஓய்வையும் கற்பனையையும் பணத்தையும் ஒப்படைக்கின்ற எந்தக் கலைவடிவமும் விமரிசனத்துக்கு அப்பாற்பட்டதன்று. அதனை நாம் புறத்தே விலக்கி வைப்போமாயின், அதனைப் பற்றிப் பேசும் உரிமையை அதனை விற்பவரின் விளம்பரத்துக்கே விட்டுக்கொடுத்தவர்களாவோம்.

இக்கட்டுரை அப்பரந்த துறையில் ஒரு சிறு கூறை மாத்திரமே எடுத்துக்கொள்கின்றது. வாளும் மந்திரமும் பூதங்களும் நிறைந்த கற்பனையுலகொன்றில், ஆடுபவர் ஒரு பாத்திரமாகி உலாவும் விளையாட்டுக்களைப் பாத்திரமேற்கும் விளையாட்டுக்கள் என்பர். அவற்றில் அப்பாத்திரம் அணியும் கவசமே எமது பொருள். கடந்த இருபது ஆண்டுகளில் இவ்விளையாட்டுக்களிற் கவசங்களின் எண்ணிக்கை பெருகிவந்துள்ளது. அக்கவசங்கள் உணர்த்தும் பொருளோ சுருங்கிவந்துள்ளது. இவையிரண்டும் தற்செயலாக ஒருங்கே நிகழ்ந்தவையல்ல. பயன்படுபொருளாயிருந்த கவசம் விற்பனைப் பண்டமாக மாறியதன் இரு பக்கங்களே அவை என்பதுதான் எமது வாதம்.

முதலில் உண்மைக் கவசத்தை நோக்குவோம். இவ்விளையாட்டுக்கள் பெரும்பாலும் மூலப்படிமமாகக் கொள்வது மத்தியகால ஐரோப்பாவின் உருக்குக் கவசத்தையே. 15ஆம் நூற்றாண்டில் மிலான், நியூரெம்பேர்க், ஒக்ஸ்பேர்க் போன்ற நகரங்கள் கவசத் தொழிலுக்குப் பெயர்பெற்றிருந்தன. அங்குள்ள கம்மியர் ஆக்கிய முழுக்கவசம் பொதுவாக 15 முதல் 25 கிலோகிராம் வரை நிறையுடையது. அந்நிறை உடலெங்கும் பகிரப்பட்டமையால் அதனை அணிந்தவன் ஓடவும் குதிரையேறவும் முடிந்தது. பிரபுவுக்கு அவனது உடலளவுக்கேற்பக் கவசம் செய்யப்பட்டது. சாதாரண காலாட்படையினனுக்கோ தொகையாகச் செய்யப்பட்ட மலிவான கவசமே கிட்டியது. 16ஆம் நூற்றாண்டிற் செல்வம் மிக்க பிரபுக்கள் ஒரே கவசத்துக்கு மாற்றுறுப்புக்களையும் செய்வித்தனர்: போர்க்களத்துக்கு ஒருவகை, குதிரைமீதிருந்து ஈட்டியால் மோதும் போட்டிக்கு வேறொருவகை, தரையில் நின்று பொரும் போட்டிக்கு இன்னொருவகை. ஆகவே கவசத்தின் வேறுபாடு தேவை, வர்க்கம், தொழிற்றிறன் என்னும் மூன்றினின்றும் பிறந்தது. பூவேலைப்பாடும் பொன்முலாமும் இவற்றின் மேல் ஏறியவையே. ஒருவன் எதனை அணிந்திருந்தான் என்பது, அவன் யார், எங்கிருந்து வந்தான், எதற்குத் துணிந்தான் என்பவற்றையெல்லாம் சொல்லிற்று.

இவ்வுறவைக் கற்பனையுலகிலும் பேணமுடியும் என்பதை நிறுவிய விளையாட்டுக்கள் உள்ளன. அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் 2002இல் வெளியிட்ட 'மொறோவிண்ட்' அவற்றுள் ஒன்று. 'எல்டர் ஸ்குரோல்ஸ்' வரிசையில் அது மூன்றாவது. அதிற் தலைக்கவசம், மார்புக்கவசம், இடத்தோட்கவசம், வலத்தோட்கவசம், இடக்கைக்கவசம், வலக்கைக்கவசம், காற்கவசம், பாதக்கவசம், கேடயம் என ஒன்பது உறுப்புக்கள் தனித்தனியே அணியப்பட்டன. கவசத்தின் கீழே சட்டையும் மேலே அங்கியும் அணியலாம். இலேசானவை, இடைத்தரமானவை, கனத்தவை எனக் கவசங்கள் மூவகைப்பட்டன. ஒவ்வொன்றையும் அணிந்து போரிடத் தனித் தேர்ச்சி வேண்டும். விலங்கின் உடலமைப்புக் கொண்ட இரு இனத்தவரால் பாதக்கவசத்தையும் முகத்தை முழுதும் மூடும் தலைக்கவசத்தையும் அணிய இயலாது. உடல் வேறெனின் உடையும் வேறாதல் வேண்டும் என்ற எளிய உண்மையை அவ்விளையாட்டு ஏற்றுக்கொண்டிருந்தது.

இதனிலும் முக்கியமானது அக்கவசங்களின் சமூகப் பொருளாகும். அக்கதை நிகழும் தீவின் மக்கள் பூச்சிகளின் ஓட்டினாலும் எலும்பினாலும் கவசம் செய்தனர். அத்தீவை ஆளவந்த பேரரசின் படையோ உருக்கை அணிந்தது. ஆக, தெருவில் எதிர்ப்படுபவரின் மார்பை நோக்கிய மாத்திரத்திலேயே ஆள்வோர் யார், ஆளப்படுவோர் யார் என்பது விளங்கிற்று. பேரரசுப் படையிற் சேர்ந்தவர் அதன் சீருடைக் கவசமின்றிச் சென்றால் மேலதிகாரி அவருடன் பேச மறுப்பார். கோயிற் காவலருக்குரிய கவசத்தை அணிந்துகொண்டு அக்காவலர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால் அவர் வாளை உருவுவார். அது தம்மவர் ஒருவரின் உடலிலிருந்து பறிக்கப்பட்டதென்றே அவர் கொள்வார். அங்கே உடை ஒரு கூற்று. அக்கூற்றுக்கு உலகம் மறுமொழி சொல்லிற்று.

அடுத்து வந்தவற்றில் நிகழ்ந்ததென்ன? 2006இல் வெளிவந்த 'ஒப்லிவியன்' தோட்கவசங்களை நீக்கிற்று. இரு கைக்கவசங்களையும் ஒன்றாக்கிற்று. இடைத்தரக் கவசம் என்ற வகையையே ஒழித்தது. ஒன்பது ஆறாயிற்று. 2011இல் வெளிவந்த 'ஸ்கைறிம்' காற்கவசத்தையும் மார்புக்கவசத்துடன் இணைத்தது. ஆறு ஐந்தாயிற்று. பத்து முழுக்கவசங்கள் உள்ளனவெனக் கொண்டு கணக்கிட்டால், ஒன்பது உறுப்புக்களையும் கலந்து அணிவதனாற் பிறக்கும் தோற்றங்கள் நூறு கோடி. ஐந்து உறுப்புக்களாற் பிறப்பவை ஓர் இலட்சம் மாத்திரமே. வகைகளை எண்ணிப் பெருமைப்படுவோர் இக்கணக்கை எண்ணுவதில்லை.

இதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. உறுப்புக்கள் கூடுந்தோறும் ஒன்று மற்றொன்றை ஊடுருவாதவாறு வரைதல் கடினமாகின்றது. உடலை முழுமையாக ஒரே வடிவாகத் தீட்டும்போது ஓவியருக்குக் கூடிய சுதந்திரமும் கிடைக்கின்றது. இவ்வாதம் உறுப்புக்களின் குறைவுக்கு விடையாகலாம். அக்குறைவு நேர்ந்த அதே ஆண்டிலே தொடங்கிய இன்னொன்றுக்கு அது விடையாகாது.

2006 ஏப்பிரலில், 'ஒப்லிவியன்' வெளிவந்த சில வாரங்களிலேயே, குதிரைக்குரிய இரு கவசங்களை அந்நிறுவனம் தனியே விற்பனைக்கு விட்டது. எக்ஸ்பொக்ஸ் 360இல் அதன் விலை 2.50 டொலர். முழு விலை கொடுத்து வாங்கிய விளையாட்டுக்குள் ஓர் அலங்காரத்துக்கு மீண்டும் பணமா என ஆடுவோர் நகைத்தனர், சினந்தனர். 'குதிரைக் கவசம்' என்பது பேராசைக்கு ஒரு மறுபெயராகவே வழங்கலாயிற்று. எனினும் நகைத்தவர்களிற் பலர் வாங்கவுஞ் செய்தனர் என்பதே வரலாறு. 2025இல் அவ்விளையாட்டுப் புதுப்பிக்கப்பட்டு வெளிவந்தபோது, கூடிய விலைப் பதிப்பை வாங்குவோருக்குரிய கவர்ச்சிகளில் ஒன்றாகப் புதிய குதிரைக் கவசங்கள் வைக்கப்பட்டிருந்தன. 2006இல் இகழப்பட்டது 2025இற் கவர்ச்சிப் பொருளாயிற்று. சந்தை தன்மீது எழும் நகைப்பையும் ஈற்றிற் சரக்காக்கிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தோற்றம் தனியே விற்கப்படுவதற்கு முன்னர் அது பயனிலிருந்து பிரிக்கப்படுதல் வேண்டும். பிளிஸார்ட் நிறுவனத்தின் 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' 2004இல் வெளிவந்தது. அதன் முதற் காலத்துச் சிறந்த கவசங்களைப் பெறுவதற்கு நாற்பது பேர் வாரக்கணக்கில் ஒருங்கு கூடிப் போரிட வேண்டியிருந்தது. ஆகவே ஒருவர் அணிந்த கவசம் ஒரு கூட்டு உழைப்பின் அடையாளமாயிருந்தது. 2011இன் இறுதியில், ஒரு கவசத்தின் வலுவை வைத்துக்கொண்டு இன்னொரு கவசத்தின் தோற்றத்தை அதற்கு ஏற்றும் வசதி அளிக்கப்பட்டது. இதனை ஆடுவோரே விரும்பிக் கேட்டனர். வலு மிக்க உறுப்புக்களைத் தேடி அணிந்தவர் பொருந்தா நிறங்களின் குவியலாகக் காட்சியளித்தமையால் அவ்விருப்பம் நியாயமானதே. அன்று ஏற்றத்தக்க தோற்றங்களும் ஆட்டத்தில் ஈட்டியவையாகவே இருந்தன. ஆயினும் தோற்றமும் பயனும் ஒருமுறை வேறாக்கப்பட்டபின், தோற்றத்தை மாத்திரம் கடையில் வைப்பதற்கு ஓர் அடியே எஞ்சியிருந்தது. அதே நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'டயாப்லோ 4' அவ்வடியையும் எடுத்துவைத்தது. வெளிவந்தபோது 70 டொலர் விலை கொண்டிருந்த அவ்விளையாட்டினுள்ளேயே கடையொன்று உண்டு; அங்கு ஒரு கவசத் தொகுதியின் தோற்றம் ஏறத்தாழ 25 டொலருக்கு விற்கப்பட்டது. முழு விளையாட்டின் விலையில் மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்ட தொகை ஒரு தோற்றத்துக்கு!

இங்கேதான் இக்கடைக்கு ஆதரவானவர்கள் தம் பிரதான வாதத்தை முன்வைக்கின்றனர். "வெறுந் தோற்றந்தானே? அதனால் எவருக்கும் வலு கூடுவதில்லை, வேண்டாதவர் வாங்காதிருக்கலாம்" என்பதே அது. மேலோட்டமாக நோக்குமிடத்து நியாயமாகத் தோன்றும் இவ்வாதம் தன்னைத்தானே முறியடித்துக்கொள்கின்றது. தோற்றம் வெறுமையானதெனின் அதற்கு 25 டொலர் எவ்வாறு விலையாகும்? விலை வைக்கையில் தோற்றம் அருமையானது. விமரிசிக்கையில் அது வெறுமையானது. இவ்விரு நாக்கு நியாயத்தை நாம் ஏற்றல் இயலாது.

உண்மையில் தோற்றம் வெறுமையானதன்று. 2011இல் யப்பானின் ஃபுறொம் சொஃப்ட்வெயார் வெளியிட்ட 'டார்க் சோல்ஸ்' இதற்கு நல்லதோர் உதாரணம். அதிற் சொலேயர் என்னும் வீரன் தன் மார்பில் ஒரு சூரிய வடிவைத் தாங்கியிருக்கின்றான். அச்சூரியனுக்கு எவ்வித ஆற்றலும் இல்லை, அதை அவனே தன் கையால் வரைந்துகொண்டான் என்று அக்கவசத்தின் விபரக்குறிப்பு அறிவிக்கின்றது. எண்ணளவில் யாதொரு பயனுமற்ற அவ்வடிவமே அவனது நம்பிக்கை முழுவதையும் சொல்லிவிடுகின்றது. அது தோற்றந்தான், ஆனால் ஒருவன் தன் உலகுக்குள் நின்று உழைத்து ஆக்கிய தோற்றம். கடையில் வாங்கப்படும் சுடரும் சிறகும் எவரது நம்பிக்கையைச் சொல்கின்றன? வாங்கியவரின் பணப்பையை அன்றி வேறெதனையுமன்று.

தோற்றம் கருத்தியலையும் சுமக்கின்றது. 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்'டில் ஒரே பெயரும் ஒரே வலுவும் கொண்ட சில கவசங்கள், ஆணுருவில் உடலை மூடுவனவாகவும் பெண்ணுருவில் உடலைத் திறந்து காட்டுவனவாகவும் வரையப்பட்டிருந்தன. வயிற்றை மறைக்காத உருக்கு எதனைக் காக்கும்? அங்கு காக்கப்பட்டது அணிபவளின் உடலன்று, பார்ப்பவனின் விருப்பு. "வெறுந் தோற்றந்தானே" என்று இதனையும் கடந்துவிடலாமா என அவ்வாதக்காரரை வினவ விரும்புகின்றோம்.

இரண்டாவது வாதம் ஆக்குவோரைப் பற்றியது. கலைஞருக்குக் கூலி வேண்டாமா என்பர். வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. 'மொறோவிண்ட்'டின் கணனிப் பதிப்புடன் அதன் ஆக்கக் கருவியும் வழங்கப்பட்டது. அதுமுதல் இவ்வரிசை விளையாட்டுக்களுக்கு ஆடுவோரே எண்ணற்ற கவசங்களை ஆக்கி இலவசமாகப் பகிர்ந்து வந்துள்ளனர். 2015 ஏப்பிரல் 23இல் ஸ்டீம் என்னும் இணையக் கடையில் 'ஸ்கைறிம்'முக்கான இத்தகைய ஆக்கங்கள் விலைக்கு விடப்பட்டன. அவ்விலையில் ஆக்கியவருக்குக் கிடைத்தது 25 சதவீதம்; எஞ்சிய 75 சதவீதம் கடையை நடத்திய வால்வ் நிறுவனத்துக்கும் பெதெஸ்டாவுக்கும் உரியதாயிற்று. எதிர்ப்பு வலுத்தமையால் நான்கே நாட்களில், ஏப்பிரல் 27இல், அத்திட்டம் கைவிடப்பட்டது. கலைஞனின் பெயரால் வாதிடுவோர் கலைஞனுக்கு ஒதுக்கிய பங்கு நாலிலொன்று என்பதை மறவாதிருத்தல் நன்று. கவசத்தை அடித்தவன் ஒருவன். அதன் பயனைப் பெற்றவன் வேறொருவன். மத்தியகாலத்துக்கும் இன்றைக்கும் உள்ள தொடர்ச்சி இதுவே போலும்.

மூன்றாவது வாதம், பெருஞ்செலவில் ஆக்கப்படும் விளையாட்டுக்கள் இக்கடைகளின்றி நிலைக்கமாட்டா என்பதாகும். 2022இல் வெளிவந்த 'எல்டன் றிங்'கும் 2023இல் பெல்ஜியத்தின் லாறியன் நிறுவனம் வெளியிட்ட 'போல்டர்ஸ் கேற் 3'உம் இதனைப் பொய்ப்பிக்கின்றன. இரண்டிலும் ஆட்டத்தினுள்ளே கவசம் விற்கும் கடை கிடையாது. இரண்டும் பெரு விற்பனையும் பெருமதிப்பும் பெற்றன. 'எல்டன் றிங்'கிற் கனத்த கவசத்தை அணிபவர் தாக்குதலிலிருந்து உருண்டு தப்பும் விரைவை இழக்கலாம். தாங்கவல்ல நிறையில் எழுபது சதவீதத்தைக் கடந்ததும் உடல் தளர்கின்றது. அழகுக்கும் காப்புக்கும் விரைவுக்கும் இடையே அணிபவர் ஒவ்வொரு முறையும் தெரிவு செய்தாக வேண்டும். விலை அங்கும் உண்டு. ஆனால் அது ஆட்டத்துக்குள்ளேயே செலுத்தப்படுகின்றது. தெரிவு என்ற சொல்லுக்கு இதுவே பொருள். பணம் கொடுத்துப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்வது தெரிவன்று, கொள்வனவு.

ஆகவே ஒரு விளையாட்டு ஆயிரம் கவசங்களைக் கொண்டதென்று விளம்பரம் செய்யப்படுமிடத்து நாம் கேட்கவேண்டிய வினாக்கள் வேறு. இக்கவசத்தை அவ்வுலகில் யார் செய்தார்? எந்த மண்ணின் பொருளால் அது ஆயிற்று? அதனை அணிந்து வருபவரை அவ்வுலகம் எவ்வாறு நோக்குகின்றது? அதன் நிறையைச் சுமப்பவர் எதனை இழக்கின்றார்? பெண்ணுக்கும் ஆணுக்கும் அது ஒரே காப்பை அளிக்கின்றதா? இவற்றுக்கு விடையற்ற ஆயிரம் கவசங்கள், ஆயிரம் நிறந்தீட்டிய ஒரே கவசந்தான்.

நாவலின் பாத்திரங்களை அவர்தம் சமூகச் சூழலில் வைத்து நோக்கப் பயின்ற எமது விமரிசனம், இப்புதிய வடிவத்தின் முன்னால் வாய்மூடி நிற்கவேண்டிய தேவையில்லை. இன்று பல்கலைக்கழகங்களிற் கணனி பயிலும் எம் தோழர்களில் ஒருவர் நாளை இத்தகைய விளையாட்டொன்றை ஆக்க முனையக்கூடும். அவர் முதலில் வரையவேண்டியது கவசங்களின் பட்டியலையன்று, அவற்றை அணியும் மக்களின் வாழ்க்கையை. அதனை வரைந்தவருக்கு ஒன்பது உறுப்புக்களும் பொருளுடையனவாகும். அதனை வரையாதவருக்கு எஞ்சுவது குதிரைக் கவசமே.