எந்தக் கால் வேணும்?

காலடிப்பேட்டையில ஏதாவது ஒரு கறிக்கடையில் போய் "கால் கிலோ" என்றால் கறி வரும். "ஆட்டுக்கால் நாலு" என்றால் கால் வரும். மொட்டையாக "கால் குடுங்கண்ணே" என்றால்? "எந்தக் கால்பா?" என்று அவரே திருப்பிக் கேட்பார். (ஊர்ப்பேரில் இருக்கும் கால் இந்த ரெண்டிலுமே சேராது. 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் பேரில் நெசவாளர்களுக்காக உண்டான பேட்டை இது. காலெட் நம்ம வாயில் விழுந்து காலடி ஆகிவிட்டார் :-))

மெத்தட் ஓவர்லோடிங் இதுதான் மக்களே. ஒரே பேர், வேற வேற ஆர்க்யுமென்ட். எதைக் கூப்பிடுவது என்று ஜாவா கம்பைலர் முன்கூட்டியே முடிவு செய்துவிடும். வகுப்பில் எப்பவும் காட்டும் உதாரணம் பிரிண்ட்லைன். ஜாவாவில் அது மொத்தம் 10 இருக்கு. எண்ணைக் கொடுங்க, எழுத்தைக் கொடுங்க, வேலை ஒன்றுதான்: அச்சடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவது. இதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

சண்டை லிஸ்ட்டில் இருக்கும் ரிமூவ் மேலதான். அதில் ரெண்டு உண்டு. இன்ட் கொடுத்தால் அந்த இடத்தில் இருப்பதைத் தூக்கும். ஆப்ஜெக்ட் கொடுத்தால் அந்த மதிப்பைத் தேடித் தூக்கும். 1, 2, 3 என்று ஒரு இன்டிஜர் லிஸ்ட் இருக்கு. ரிமூவ்(1) போடுங்க. 1 போகாது, 2 போயிடும்! இடங்களை 0-வில் இருந்து எண்ணுவதால் 1-ஆம் இடத்தில் இருப்பது 2. எர்ரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. கறிக்கடை அண்ணன் கேட்ட கேள்வியைக்கூட கம்பைலர் கேட்காது.

2004-ல் ஜாவா 5 வருகிற வரை இது பெரிய தொல்லை இல்லை. இன்டிஜர் ஆப்ஜெக்ட்டை நாமே எழுதி உருவாக்கணும், அதனால் வித்தியாசம் கண்ணில் படும். ஆட்டோபாக்ஸிங் வந்த பிறகு ஆட்(1) என்று உள்ளே போட்டதை ரிமூவ்(1) என்று வெளியே எடுக்க முடியாது. என்ன கொடுமை இது!

பேர் ஒன்று என்றால் வேலையும் ஒன்றாக இருக்கணும். இல்லையென்றால் பேரை மாற்றுங்கப்பா. பைத்தான் லிஸ்ட்டில் இடத்தைச் சொல்லி எடுக்க பாப், மதிப்பைச் சொல்லி எடுக்க ரிமூவ். குழப்பமே இல்லை. 2009-ல் வந்த கோ மொழி ஓவர்லோடிங்கே வேண்டாம் என்று விட்டுவிட்டது. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன், பிரிண்ட்லைனுக்குப் பத்துப் பேர் வைத்தால் யார் மனப்பாடம் பண்றது?

"ஓவர்லோடிங், ஓவர்ரைடிங் வேறுபாடு தருக" என்று கேட்கும் ரெண்டு மார்க் கேள்விக்குப் பதிலா, இந்த ரிமூவ்(1)-க்கு விடை என்ன என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.