ஆதரவுக் கடிதம் கேட்டு வருகிறவர்களுக்கு



தேர்தல் வந்தால் நம் சங்கத்துக்குத் தனி மவுசு வந்துவிடுகிறது. மற்ற நாளில் மனுவோடு போனால் வெயிலில் நிற்க வைக்கிறவர்கள், அப்போது பொன்னாடையோடு வீடு தேடி வருகிறார்கள். "சங்கத்து ஆதரவு நமக்குத்தான்னு ஒரு லெட்டர் குடுங்கண்ணே" என்கிறார்கள். நாமும் கொடுத்திருக்கிறோம். ஒரு உள்ளாட்சித் தேர்தலில், கண்மாய் வரத்துக்கால்வாயைத் தூர்வாரித் தருவேன் என்று சொன்னவருக்கு, அவர் யோக்கியதை தெரிந்தே கொடுத்தோம். அவர் ஜெயித்தார். கால்வாயில் சீமைக்கருவேலம்தான் ஆளுயரத்துக்கு வளர்ந்தது. அந்தத் தப்பில் சங்கத்துக்கும் பங்குண்டு.

"எவன் யோக்கியன்? நல்லது கெட்டதுக்கு வந்து நிக்கிறவனுக்குப் போடுவோம்" என்று நம் ஜனங்கள் சொல்கிறார்கள். அவர்களைப் பழிக்க மாட்டோம். மக்காச்சோளத்தைப் பன்றி அழித்தாலும் சரி, பயிர் இன்சூரன்ஸ் வராவிட்டாலும் சரி, ஆள் சிபாரிசு இல்லாமல் ஆபீசில் காகிதம் நகராது. அப்படிப்பட்ட ஊரில், கூப்பிட்ட குரலுக்கு வருகிறவன் எப்பேர்ப்பட்டவனாக இருந்தாலும் வேண்டித்தான் இருக்கிறது. ஆனால் காகிதம் தானாக நகர்ந்துவிட்டால் அப்புறம் இவர்களை யார் தேடுவார்கள்? அதனால்தான் அது நகர்வதில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துத் திருமங்கலத்தில் 2009 ஜனவரியில் இடைத்தேர்தல் நடந்தது. ஓட்டுக்குத் துட்டு என்பதற்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்று பெயரே வந்துவிட்டது. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர், 2019 ஏப்ரலில் வேலூர் என்று பணப் புழக்கத்துக்காகத் தேர்தலையே ரத்து செய்தார்கள். துட்டு நின்றதா?

வேட்பாளர் தன் மேல் உள்ள வழக்குகளையும் சொத்தையும் கடனையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும் என்பது 2002-ல் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பால் வந்த உரிமை. வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியே காரணம் சொல்ல வேண்டும், 'ஜெயிக்கிற ஆள்' என்பது மட்டும் காரணம் ஆகாது என்று 2020 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் சொன்னது. நம்மில் எத்தனை பேர் அந்தப் பத்திரத்தைக் கண்ணால் பார்த்தோம்? வழக்கு என்றாலே குற்றவாளி என்றும் சொல்லவில்லை. மறியல் செய்த வழக்கு நம் மேலும் உண்டு. என்ன வழக்கு என்று வாசித்துப் பார்க்கணும், அவ்வளவுதான்.

சங்கமே தேர்தலில் நிற்கலாமே என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். நாராயணசாமி நாயுடு அய்யா 1982-ல் கட்சி கண்டார். கட்சி வளரவில்லை, சங்கமும் சிதறியது. 1996-ல் மொடக்குறிச்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மனுப் போட்டு நின்றார்கள், ஓட்டுச்சீட்டே புத்தகமானது. நாடே திரும்பிப் பார்த்தது, வாஸ்தவம். அந்த வருஷமே சட்டசபைக்கு நிற்க டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5000 ஆக்கிவிட்டார்கள்.

ஆகவே சங்கம் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. இனி யாருக்கும் வீட்டில் வைத்துக் கடிதம் தருவதில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி எந்தத் தொகுதியானாலும், ஆதரவு கேட்கிறவர் ஊர்ச் சாவடிக்கு வரட்டும். அவர் பிரமாணப் பத்திரத்தைச் சத்தம் போட்டு வாசிப்போம். பன்றிக்கும் இன்சூரன்சுக்கும் கண்மாய்க்கும் என்ன செய்வார் என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பெண்களும் கேள்வி கேட்பார்கள். வர மறுக்கிறவர் பெயரை அடுத்த நோட்டீசில் அச்சடிப்போம். அவர் நம்ம சாதிக்காரராக இருந்தாலும், நம்ம சொந்தக்காரராகவே இருந்தாலும்.