சும்மா கிடைக்கும் சோறும் சுமனஹள்ளி மதிலும்

வீடில்லாதவர்களுக்குச் சும்மா சோறும் படுக்க இடமும் கொடுத்தால் அவர்கள் உழைக்க மாட்டார்கள் என்ற எண்ணம் நாட்டில் எல்லாத் தட்டிலும் வேரோடியிருக்கிறது. 2025 பிப்ரவரி 12 அன்று அது உச்ச நீதிமன்றத்திலேயே ஒலித்தது. நகரங்களில் வீடற்றோரின் தங்குமிட உரிமை பற்றிய வழக்கு அது. இலவசங்களால் மக்கள் வேலைக்குப் போக விரும்புவதில்லை என்றார் நீதிபதி பி.ஆர். கவாய், ஒட்டுண்ணிகளின் வர்க்கத்தை உருவாக்குகிறோமா என்றும் கேட்டார். பெங்களூருவில் ரிச்சர்ட்ஸ் டவுன் போன்ற மரநிழல் குடியிருப்புகளில் இதே எண்ணம், சோறு கொடுத்துப் பழக்கினால் இங்கேயே தங்கிவிடுவார்கள் என்ற பேச்சாக உலவுகிறது. இது தவறு என்பதற்கான சான்று அதே நகரத்தில், மாகடி சாலையில் இருக்கிறது.

அங்கே சுமனஹள்ளியில் அரசு நடத்தும் நிராசிரிதர் மையத்தை ஊரார் பெக்கர்ஸ் காலனி என்பார்கள். 1975ஆம் ஆண்டின் கர்நாடகப் பிச்சை தடைச் சட்டப்படி தெருவில் பிடிபடுகிறவர்கள் கொண்டுவரப்படும் இடம் அது. சோறு, கூரை, துணி எல்லாம் காசில்லாமல் கிடைக்கும். சும்மா கிடைப்பதற்காகத்தான் இவர்கள் அலைகிறார்கள் என்றால் அதன் வாசலில் வரிசை நின்றிருக்க வேண்டும். நிற்பவர்களோ காவலாளிகள். ஆளைப் பிடித்து வண்டியில் ஏற்றித்தான் உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கிறது. வந்தவர்கள் மதிலேறிக் குதித்துத் தப்புகிறார்கள். 2010 ஆகஸ்ட்டில் அந்த மதிலுக்குள் சில நாட்களிலேயே இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு இறந்தார்கள். இலவசத்தின் ருசி இவர்களைக் கெடுத்துவிட்டது என்று சொல்கிறவர்கள் முதலில் அந்த மதிலுக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

தெருவில் படுப்பவர்களில் பெரும்பாலோர் உழைப்பாளிகள். கே.ஆர். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், ராய்ச்சூரிலிருந்தும் கலபுரகியிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்கள், பழைய பேப்பர், பிளாஸ்டிக் பொறுக்குகிறவர்கள், கல்யாண மண்டபத்தில் நள்ளிரவு வரை பாத்திரம் கழுவிவிட்டு வெளியே வருகிறவர்கள். விடிவதற்கு முன் லாரி வந்து நிற்கும் இடத்தில் இருந்தால்தான் அன்றைய கூலி. அதனால்தான் அங்கேயே படுக்கிறார்கள். பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில், 1985இல், உச்ச நீதிமன்றமே இதை ஒப்புக்கொண்டு பிழைப்புரிமையை வாழ்வுரிமையோடு சேர்த்தது. நாற்பது ஆண்டு கழித்து அதே மன்றத்தில் ஒட்டுண்ணி என்ற சொல் விழுந்தது வேதனையானது.

இலவச ரேஷனைக் காட்டுவது இன்னும் கொடுமை. மாதம் ஐந்து கிலோ தானியம் வாங்க ரேஷன் கார்டு வேண்டும்; கார்டு வாங்க முகவரி வேண்டும். முகவரி இல்லாதவரிடம் போய் முகவரி உள்ளவருக்குக் கிடைப்பதைச் சொல்லிக் குற்றம் சாட்டுகிறார்கள். அரிசி கிடைத்தாலும் நடைபாதையில் அதை எந்த அடுப்பில் பொங்குவது?

வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலை இன்றுவரை பசித்தவருக்குச் சோறு போடுகிறது. அதனால் சுற்றுவட்டாரத்து நிலமெல்லாம் தரிசாகிவிடவில்லை.

ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம், ஆண்டு முழுவதும் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொன்னது. 2011 கணக்கெடுப்பின்படி பெங்களூரு மாநகராட்சிப் பகுதியில் 84 லட்சம் பேர். ஆக 84 தங்குமிடங்கள். அவை வேலையிடத்துக்கு அருகில், குடும்பம் பிரியாமல் தங்கும்படி, பொறுக்கிய மூட்டையையும் வைக்கும்படி இருந்தால்தான் பயன். புருஷனை ஓரிடத்துக்கும் பெண்டாட்டி பிள்ளைகளை வேறிடத்துக்கும் அனுப்பும் விடுதியை வேண்டாம் என்றவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று எழுதிவைப்பது அநியாயம்.

பகலிலும் அவர்களுக்கு இடமில்லை. பெங்களூருப் பூங்காக்கள் நெடுங்காலம் நண்பகலில் பூட்டிக்கிடந்தன. நாள் முழுவதும் திறக்க 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறந்தநாளுக்குப் பொட்டலம் கொடுத்து, வாங்குகிறவரின் முகத்தைப் படம் பிடித்துப் பரப்பும் வழக்கமும் இதே அவமதிப்பைச் சேர்ந்தது. பசித்தவர் முகம் கொடுத்தவரின் விளம்பரம் அல்ல.

பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் சட்டப் பிரிவுகளைத் தில்லி உயர் நீதிமன்றம் 2018இல் ரத்து செய்தது. கர்நாடகச் சட்டமோ அப்படியே நிற்கிறது. அதன்கீழ் ஒவ்வொரு சொத்து வரியோடும் 3 விழுக்காடு பிச்சைக்காரர் செஸ் வசூலாகிறது. ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்காரர்களும் அதைக் கட்டுகிறார்கள். ஆளைப் பிடித்து அடைக்கும் சட்டத்தை நீக்கி, அந்தப் பணத்தைச் சந்தைகளுக்கும் பஸ் நிலையங்களுக்கும் அருகில் பூட்டில்லாத தங்குமிடங்கள் கட்டச் செலவிடும்படி அவர்கள் அரசைக் கேட்க வேண்டும்.