மூக்கு வழி, ஈறு வழி, காசு வழி

பி.காம். படிக்கிறவனுக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். விலைச்சீட்டு படிக்கத் தெரியும், போதாதா?

டெஸ்டோஸ்டிரோன் குறைந்த ஆண்களுக்கு அதை வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். 1935லேயே ஆய்வகத்தில் செய்துவிட்ட பழைய சரக்கு. அப்படியே விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் அழித்துவிடும், அதனால் ஊசி. ஊசி போட்டதும் அளவு ஏறும், அடுத்த ஊசிக்குள் இறங்கும், மனநிலையும் கூடவே ஆடும். நியாயமான குறைதான்.

அமெரிக்காவில் வந்த தீர்வுகளைப் பாருங்கள். 2003ல் ஈறில் ஒட்டும் மாத்திரை, தினம் இருமுறை. 2010ல் அக்குளில் தடவும் திரவம். 2014ல் மூக்கு ஜெல், தினம் மூன்று முறை! இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி தொல்லையாம், இது சௌகரியமாம்.

தோலில் தடவும் ஜெல்? அப்பாவின் தோளிலிருந்து குழந்தைக்கு ஒட்டி, பிஞ்சு உடம்பில் பருவ மாற்றங்கள் தெரிந்தன. 2009ல் எஃப்.டி.ஏ. கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை அச்சிட வைத்தது. மூக்கு ஜெல்லில் இந்த ஆபத்து குறைவு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கணக்கு இதுதான்: பழைய மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, செலுத்தும் புது வழிக்கு உண்டு. அந்தச் செலவு யார் தலையில்?

ஊசி ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாக மாறட்டும். மற்றவர்கள் டாக்டரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். ரத்தத்தில் அளவு நிலையாக நிற்குமா? வீட்டில் யாருக்காவது ஒட்டுமா? ஊசியைவிட மாதம் எவ்வளவு கூடுதல்? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் பழைய ஊசியே போதும்.