உளூச் செய்யுமிடம் வழுக்கலாமா?

புதுவீடு கட்டும் சகோதர சகோதரிகளே!

கூடத்திற்குப் பளபளக்கும் கல்லைத் தேடி அலைகின்றீர்கள்; நல்லது. ஆனால், பெற்றோர் உளூச் செய்யுமிடத்திலும் அதையே பதிக்காதீர்கள். ஈரம் பட்டால் அது வழுக்கும். சுபுஹுக்கு எழும் முதியவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியக்கூடும். அங்கே சொரசொரப்பான டைல்ஸே ஏற்றது. வாங்குமுன் நீர் தெளித்து, வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். நீர் தேங்காதபடி தரைக்கு வாட்டமும் வையுங்கள்.

பளிங்கு, சுண்ணாம்புக்கல் உருமாறிப் பிறந்தது. எலுமிச்சைச் சாறும் ஆசிட்டும் அதை அரித்து மெருகைக் குலைக்கும். ஆகவே சமையல் மேடைக்குக் கிரானைட்டே உகந்தது. பளிங்குத் தரையை முதலில் மணலறப் பெருக்கி, பின்னர் மென்மையான சோப்பு நீரால் துடைத்தாலே போதும்.

தூய்மை ஈமானின் பாதி என்கிறோம். அத்தூய்மையை நாடிப் பெற்றோர் செல்லுமிடம் அவர்களுக்கு ஆபத்தாகலாமா? சிந்திப்பீர்களாக!